ரோமனெஸ்க் வாசற்கல்லை வாசிக்கும் முறை

மல்லாவியிலும் முழங்காவிலிலும் இருக்கும் நமக்கு, இங்கிலாந்திலுள்ள உறவினர்கள் அங்குள்ள பழைய பங்குக் கோயில்களின் படங்களை அனுப்புகிறார்கள். அவற்றில் 12 ஆம் நூற்றாண்டின் ரோமனெஸ்க் (கோதிக்குக்கு முந்திய ஐரோப்பியக் கட்டடப் பாணி) கற்செதுக்கல் இருந்தால், விரலால் தள்ளிவிடாமல் நின்று பாருங்கள். எழுத்தறியாத மக்களும் பார்த்து உணர்ந்த மறைக்கல்வி அது.

முதலில் வாசலைக் கவனியுங்கள். வளைவு அரைவட்டமாக இருந்தால் பெரும்பாலும் ரோமனெஸ்க். கூராக இருந்தால் பிற்காலக் கோதிக். வளைவுக்கும் நிலையின் மேற்கல்லுக்கும் இடைப்பட்ட அரைவட்டக் கல்லை டிம்பனம் என்பார்கள். திருவாசியை உச்சியிலுள்ள யாளிமுகத்திலிருந்து பார்த்துப் பழகிய கண், இங்கே நடுவிலிருந்து தொடங்க வேண்டும். கென்ட்டிலுள்ள பார்ஃப்ரஸ்டன் கோயிலில் அந்த நடுவில் கிறிஸ்து வலக்கை உயர்த்தி ஆசி வழங்குகிறார்.

வேறு பல கோயில்களில் அவரைச் சூழ, நற்செய்தி எழுதிய நால்வரின் அடையாளங்களாகச் சிறகுள்ள நான்கு உருவங்கள் நிற்கும்: மனிதன் மத்தேயு, சிங்கம் மாற்கு, காளை லூக்கா, கழுகு யோவான். எங்கள் வகுப்பில் அத்தகைய படமொன்றைக் காட்டியபோது, ஒரு சிறுமி காளையை நந்தி என்றாள். காளையை அவள் சரியாகவே கண்டாள், சிறகைத்தான் கவனிக்கவில்லை. லூக்காவின் நற்செய்தி ஆலயத்தில் பணிசெய்யும் குரு செக்கரியாவோடு தொடங்குவதால், பலிக்குரிய காளை அவருக்கு அடையாளமாயிற்று என்று விளக்கினேன். ஆகவே உருவத்தின் பெயரைச் சொல்லுமுன் சிறகு, ஒளிவட்டம், கையிலுள்ள பொருள் ஆகிய மூன்றையும் பாருங்கள். தராசு ஏந்தியவர் பெரும்பாலும் ஆன்மாக்களை நிறுக்கும் அதிதூதர் மிக்கேல்.

எல்லா டிம்பனத்திலும் கிறிஸ்துவின் உருவம் இராது. ஏறத்தாழ 1140 இல் செந்நிற மணற்கல்லில் செதுக்கப்பட்ட, இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரிலுள்ள கில்பெக் கோயிலின் தெற்கு வாசல் டிம்பனத்தில், திராட்சைக் குலைகளோடு ஒரு கொடி மட்டுமே இருக்கிறது. அதை வாழ்வின் மரமாகவோ, "உண்மையான திராட்சைச் செடி நானே" என்ற வசனமாகவோ கொள்ளலாம். ஆனால் அதே கோயிலின் கூரை விளிம்பின் கீழ் நாயும் முயலும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு வலிந்து மறைபொருள் கற்பிக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

தேய்ந்த செதுக்கலைப் படமெடுக்க நேரெதிரே இருந்து ஒளி வீசாதீர்கள். ரோச் வெளிச்சத்தைக் கல்லின் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், மறைந்த மடிப்பும் கண்ணிமையும் நிழலாக எழும். மாலையில் நம் ஊர்ப் பழைய கோயிற் படிக்கல்லிலேயே பழகிப் பாருங்கள். சுண்ணக்கட்டி பூசவோ, தண்ணீர் ஊற்றித் தேய்க்கவோ வேண்டாம்.