குலுக்குனா உள்ள பனி விழுற மாதிரி தெரியுற கண்ணாடி உருண்டை, அதாங்க ஸ்னோ குளோப், வீட்லயே செய்யலாம், பனி மெதுவா விழணும், அதான் மேட்டரே

தேவையானதுன்னு பாத்தா கொஞ்சம்தான். மூடி நல்லா இறுகுற கண்ணாடி பாட்டில், உள்ள வைக்க ஒரு குட்டி பொம்மை, கிளிசரின், பனிக்கு பதிலா கிளிட்டர் (மினுமினு தூள்), எபாக்ஸி பசை. ஆனா ஆசையா செஞ்சு முடிச்சு குலுக்குனதும் ரெண்டே செகண்ட்ல எல்லாம் பொத்துன்னு கீழ போய் உக்காந்துட்டா மனசே விட்டுப்போயிடும், அதனால தண்ணி கலக்குற விஷயத்த மட்டும் அவசரப்படாம படிங்க.

மொதல்ல பாட்டில்ல தண்ணி ஊத்தி மூடி, ஒரு பேப்பர் மேல தலைகீழா ராத்திரி முழுக்க வெச்சுப் பாருங்க. காலைல பேப்பர் ஈரமா இருந்தா வேற பாட்டில் எடுத்துக்கலாம்.

பொம்மை பிளாஸ்டிக், பீங்கான் ரெண்டும் ஓகே. மரம், காயவெச்ச களிமண், இரும்பு வேணாம். நான் ஒருதடவ வெச்ச பொம்மைக்கு அடியில சின்னதா ஒரு இரும்புக் கம்பி இருந்திருக்கு, அத கவனிக்கவே இல்ல, ரெண்டு வாரத்துல தண்ணி முழுக்க துருக் கலராயிடுச்சு. இன்னொன்னு, பொம்மைய நேரா மூடில ஒட்டுனா மூடியோட விளிம்பு கால மறைச்சிடும், அதனால கீழ ஒரு பிளாஸ்டிக் மூடியோ தட்டையான கூழாங்கல்லோ வெச்சு கொஞ்சம் ஒசத்திடுங்க.

ஒட்டுறதுக்கு முன்னாடி மூடியோட உள்பக்கத்த உப்புத்தாள் வெச்சு நல்லா சொரசொரப்பாக்கி தொடச்சிடணும். ஹாட் க்ளூ ஈஸிதான், ஆனா வழவழப்பான மூடில தண்ணிக்குள்ள கொஞ்ச நாள்ல அப்படியே உரிஞ்சு வந்துடும். எபாக்ஸில ஒட்டி 24 மணி நேரம் தொடாம விட்டுடுங்க, பாதி காய்ஞ்சத தண்ணில முக்குனா செஞ்ச வேலையெல்லாம் வீண்.

இப்போ தண்ணி. டிஸ்டில்டு வாட்டர் இல்லன்னா கொதிக்கவெச்சு ஆறுன தண்ணி. கொதிக்க வெச்சா கிருமி சாகும், தண்ணில கரைஞ்சிருக்குற காத்தும் வெளிய போயிடும், அப்புறம் பொம்மை மேல குமிழி குமிழியா ஒட்டிக்காது. கிளிசரின் ஊத்துறப்போ கண்ணாடி நூல் மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு கீழ இறங்கும் பாருங்க, அந்த நெளிவு கண்ணுக்கே தெரியாம போற வரைக்கும் மெதுவா கலக்கணும். 200 மில்லி பாட்டிலுக்கு ரெண்டு டீஸ்பூன்ல ஆரம்பிங்க, கொஞ்சம் கிளிட்டர் போட்டு குலுக்கிப் பாத்து, வேகமா விழுந்தா இன்னும் ஒரு ஸ்பூன். தண்ணிய கெட்டியாக்குறதுதான் கிளிசரின் வேலை, ரொம்ப ஊத்துனா பனி கட்டி கட்டியா சேந்து பொம்மை தலைலயே உக்காந்துடும்.

கிளிட்டர் அரை டீஸ்பூன் போதும். மேலயே மிதக்குதுன்னா பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரே ஒரு சொட்டு விடுங்க, கீழ இறங்கிடும். அதுக்கு மேல விட்டா நுரைதான் வரும்.

1900 வாக்குல வியன்னால எர்வின் பெர்சின்னு அறுவை சிகிச்சைக் கருவி செய்றவர், பல்ப் வெளிச்சத்த இன்னும் பிரகாசமாக்க தண்ணி ரொப்புன கண்ணாடி உருண்டைய வெச்சு முயற்சி பண்ணிட்டு இருந்தாரு, அதுக்குள்ள ரவைய போட்டப்போ அது பனி மாதிரி மெதுவா எறங்கிச்சு, அங்கேருந்துதான் அவருக்கு ஸ்னோ குளோப் ஐடியாவே வந்துச்சு. அவரோட குடும்பம் இன்னும் வியன்னால இத செஞ்சிட்டு இருக்காங்க. நீங்க ரவை போட்றாதீங்க, ஊறி கெட்டுப்போயிடும்.

மூடுறப்போ பாட்டில ஒரு தட்டுல வெச்சு விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்பி, பொம்மைய மெதுவா இறக்குங்க, வழியுறது வழியட்டும். மூடுறதுக்கு முன்னாடியே பாட்டில் வாய்ல இருக்குற திருகுல டெஃப்ளான் டேப் (குழாய்க்கு சுத்துற வெள்ளை டேப்) ரெண்டு சுத்து சுத்திட்டா கசியாது. கடுகு சைஸ்ல குமிழி இருந்தா விட்டுடுங்க, சூட்டுல தண்ணி விரியறதுக்கு இடம் வேணும்ல. வெளிய நல்லா தொடச்சு மூடி ஓரத்துல சிலிக்கான் பசை தடவி காயவிட்டுத் திருப்புங்க.

வெக்கிற எடம் முக்கியம். பெர்சி நம்புன அதே விஷயம்தான், தண்ணி ரொப்புன கண்ணாடி வெளிச்சத்த ஒரே எடத்துல குவிக்கும், ஜன்னலோரம் நேர் வெயில்ல வெச்சா பக்கத்துல இருக்குற பேப்பரோ துணியோ பத்திக்கக்கூட வாய்ப்பிருக்கு. வெயில் படாத அலமாரில வெச்சிடுங்க, குழந்தைங்க கேட்டா நீங்களே கூட இருந்து குலுக்க குடுங்க.