காலிக் கோட்டையின் கடல்சார் நூதனசாலை: கொழும்பில் ஒரு நாள் மிஞ்சுபவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு ஊருக்குப் போகிறவர்களில் அனேகமானோர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு வான் பிடித்து யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று கிளம்பிவிடுவார்கள். திரும்பும் பயணத்தில்தான் விமானத்துக்கு முன் ஓரிரு நாள் கொழும்பில் மிஞ்சும். கடை கடையாக ஏறி இறங்கி அலுத்துப்போனால் அதில் ஒரு நாளைத் தென் கரையில் உள்ள காலி நகரத்துக்குக் கொடுக்கலாம். அங்கே ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1671இல் கட்டிய துறைமுகப் பண்டகசாலைக்குள் ஒரு கடல்சார் நூதனசாலை இருக்கிறது. சிறியது. லண்டன், அம்ஸ்டர்டாம் நூதனசாலைகளை மனதில் வைத்துக்கொண்டு போனால் அரை மணியில் வெளியே வந்து "இவ்வளவுதானா" என்பீர்கள். பார்க்கும் ஒழுங்கு தெரிந்தால் அதே இடம் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒழுங்கு இதுதான்: முதலில் கொழும்பில் ஒரு கல், பிறகு காலியில் ஒரு வாசல், கடைசியாகப் பண்டகசாலை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காலிக் கோட்டைக்குள் "மியூசியம்" என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். சேர்ச் வீதியில் இருப்பது காலி தேசிய நூதனசாலை, அது வேறு. நீங்கள் தேடுவது குயின்ஸ் வீதியோரம், பழைய வாசலை ஒட்டிய மஞ்சள் காவி நிற நீளக் கட்டடம். அந்தக் கட்டடத்திலேயும் இரண்டு காட்சியகங்கள் உண்டு. தேசிய நூதனசாலைகள் திணைக்களம் 1992இல் திறந்த தேசிய கடல்சார் நூதனசாலை ஒன்று. மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் நூதனசாலை மற்றது. நிர்வாகம் வேறு என்பதால் சீட்டும் வேறு. ஒன்றுக்கு எடுத்த சீட்டைக் காட்டி மற்றதற்குள் நுழைய முடியாது. தனியார் வைத்திருக்கும் பழம்பொருட் கூடங்களும் கோட்டைக்குள் உண்டு. ஓட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கும் இடத்தில் மாணிக்கக் கல் விற்றால் அது நீங்கள் தேடிய இடமல்ல. "மேரிடைம் மியூசியம், ஓல்ட் கேட்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், சரியாக வந்துவிடும்.

கொழும்பில் பார்க்க வேண்டிய கல்

காலிக்குப் போவதற்கு முதல் நாள் கறுவாத்தோட்டத்தில் இருக்கும் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய், கல்வெட்டுகள் வைத்திருக்கும் பகுதியில் மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. பொறித்த ஆண்டு 1409. ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், இரண்டரை அடி அகலம், உச்சியில் இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். சீன வாசகம் புத்தருக்கும், பாரசீக வாசகம் இஸ்லாத்துக்கும், தமிழ் வாசகம் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். யாருக்கும் குறை வைக்காத ராஜதந்திரம்.

இந்தக் கல்லை 1911இல் கண்டெடுத்தது காலி நகரத்தில், அதுவும் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்த நிலையில். அதனால்தான் எழுத்துகள் இவ்வளவாவது தப்பின. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. தமிழ் எழுத்தைப் படிக்க, கண்ணாடிக்கு நேரே நின்றால் மின்விளக்கின் பளபளப்புத்தான் தெரியும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பாருங்கள், வரிகள் எழுந்து வரும். பதினைந்தாம் நூற்றாண்டு எழுத்து என்பதால் எல்லாச் சொல்லும் பிடிபடாது. ஆனால் பிள்ளைகளுக்கு "இது தமிழ்" என்று விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு எழுத்து முகம் தெரியும். இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் தமிழ் எந்த இடத்தில் இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பொருள் இலங்கையில் இல்லை. இதைப் பார்த்துவிட்டுக் காலித் துறைமுகத்தைப் பார்ப்பதற்கும் பார்க்காமல் போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எந்த நாள், எப்படி

செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, திங்கள், அரச விடுமுறை நாட்களைத் தவிருங்கள். புலம்பெயர்ந்தவர்கள் அடிக்கடி மறப்பது போயாவை. மாதந்தோறும் பௌர்ணமி நாள் அரச விடுமுறை. விமானச்சீட்டுப் போடும்போதே இலங்கை நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். பூட்டிய கதவின் முன் ஏழு பேர் கொண்ட குடும்பம் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

கொழும்பிலிருந்து காலி ஏறக்குறைய 120 கிலோமீற்றர். வாகனத்தில் போனால் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறிப் பின்னதுவவில் இறங்கவேண்டும். அங்கிருந்து நகரம் கிட்டத்தான். கொட்டாவையில் உள்ள மகும்புர நிலையத்திலிருந்து அதிவேகப் பாதை பஸ்கள் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி எடுக்கும். புகையிரதம் மெதுவானது, இரண்டரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் கடலோரமாகவே போகும். போகும்போது வலப்பக்க யன்னல், வரும்போது இடப்பக்கம். காலி நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம்: பஸ் நிலையத்தையும் கிரிக்கெற் மைதானத்தையும் தாண்டினால் மதில்.

காலையில் ஒன்பதரை, பத்துக்கு அங்கே நிற்பதுபோலப் பாருங்கள். பதினொன்றுக்குப் பிறகு மதில் மேல் வெயில் சகிக்காது. நூதனசாலையை மத்தியானத்துக்கு விட்டு மதிலைக் காலையில் சுற்றலாம் என்று சிலர் திட்டமிடுவார்கள். வாகன நெரிசலில் ஒரு மணி நேரம் பிந்தினால் அந்தத் திட்டத்தில் அடிபடுவது நூதனசாலைதான். அதை முதலில் முடித்துவிட்டு மதிலைப் பின்னேரம் ஐந்து மணிக்கு வைத்துக்கொள்வது புத்தி. மதிலுக்குப் பல இடங்களில் கைபிடி கிடையாது. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி நடவுங்கள்.

சீட்டு

உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதன் பல மடங்கு. பிறந்தது பருத்தித்துறையாக இருந்தாலும் கையில் கனடாக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் வெளிநாட்டு விலைதான். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். தொலைபேசியில் உள்ள படத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அட்டை இல்லாவிட்டால் வாதாடுவதில் பயனில்லை. சீட்டுக் கொடுப்பவருக்கு அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது, பின்னால் நிற்கும் வரிசைக்குத்தான் எரிச்சல். ரூபாய் நோட்டாக, சில்லறையோடு வைத்திருங்கள். படம் எடுக்கலாமா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். எடுக்கலாம் என்றாலும் பிளாஷ் வேண்டாம்.

வாசல்

ஓட்டோவைப் பழைய வாசலுக்கு வெளியே, துறைமுகப் பக்கம் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து உள்ளே வாருங்கள். காலிக் கோட்டையின் பெரிய வாசல் 1873இல் பிரித்தானியர் திறந்தது. அதற்கு முன் கப்பலில் இருந்து வந்த சரக்கும் ஆட்களும் நுழைந்த வழி இந்தப் பழைய வாசல். அது பண்டகசாலையின் வயிற்றைக் குடைந்துகொண்டே போகிறது. இறக்கிய சரக்கை நேரே களஞ்சியத்துக்குள் ஏற்ற வசதியாக இருக்கவேண்டும், வழியில் ஒரு மூட்டை கறுவாவும் காணாமற் போகக்கூடாது, அதற்கேற்ற அமைப்பு.

வெளிப்புற வளைவுக்கு மேலே பிரித்தானிய அரச சின்னம். உள்ளே நடந்து மறுபக்கம் போய்த் திரும்பி அண்ணாந்து பாருங்கள். இரண்டு சிங்கங்கள் தாங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், மேலே ஒரு சேவல், கீழே ரோமன் இலக்கத்தில் 1669. நடுவில் உள்ள பெரிய "வி" எழுத்தின் இரு கால்களிலும் "ஓ", "சி" பின்னியிருக்கும். இந்த முத்திரையை நன்றாகக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். கம்பனியின் பீரங்கி, பாத்திரம், செப்புக்காசு என்று எதில் இது இருக்கிறது எனத் தேடும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அவர்கள் அலுக்காமல் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

உள்ளே

கடல்சார் நூதனசாலையில் திமிங்கில எலும்புக்கூடு, பவளப்பாறைக் காட்சிகள், மீன்பிடி முறைகள், படகு மாதிரிகள் இருக்கின்றன. எலும்புக்கூட்டைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் நிற்கவேண்டிய இடம் படகு மாதிரிகள். பலகைகள் எப்படி இணைந்திருக்கின்றன என்று கிட்டப்போய்ப் பாருங்கள்: ஆணியா, தும்புக் கயிற்றுத் தையலா? தென் கரையின் ஒரு பக்க மிதவை கட்டிய "ஒருவ" தைத்த படகு. ஆணி உப்புநீரில் துருவேறிப் பலகையையும் தின்னும். அலையில் ஏறி மணலில் மோதும்போது தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரத்துக்கும் அதே தத்துவம்தான். வல்வெட்டித்துறைக்காரர்களுக்கு இங்கே சொல்ல ஒரு கதை இருக்கிறது: அவர்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிய பின் ஊர்த் தண்டையல்களோடும் (கப்பலை நடத்துபவர்கள்) மாலுமிகளோடும் கடல் கடந்து 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரரில் கரை சேர்ந்தது. காலியில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லப் பொருத்தமான கதை.

தொல்லியல் பகுதியில் முக்கியமானது அவொன்ட்ஸ்டர் கப்பல். 1659இல் காலித் துறைமுகத்தில் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது நங்கூரம் நழுவி, கரைக்குக் கிட்டவே மோதி உடைந்த கம்பனிக் கப்பல் அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சுழியோடிகள் பயிற்சி பெற்று அதை அகழ்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 கடற்கோள் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தை அடித்துக்கொண்டு போனது. கடலிலிருந்து எடுத்ததில் ஒரு பகுதி மறுபடி கடலுக்கே போனது. பண்டகசாலையிலிருந்த கடல்சார் நூதனசாலையும் அப்போது சேதமாகி, 2010இல்தான் திரும்பத் திறந்தது. காட்சிக்கு இருப்பவை குறைவாகத் தோன்றினால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

மரத்துண்டு, கயிறு, தோல் ஆகியவற்றைக் காட்டும் இடத்தில் வெளிச்சம் மங்கலாக இருக்கும். சிக்கனமல்ல, காரணம் உண்டு. முந்நூறு ஆண்டு சேற்றுக்குள் ஊறிய மரத்தின் உள்ளே இருப்பது அனேகமாகத் தண்ணீர்தான். வெளியே எடுத்துக் காயவிட்டால் சில நாளில் சுருங்கி வெடித்துப் போகும். ஊறிய உப்பும் பளிங்காகி நாரைப் பிளக்கும். ஆகவே மாதக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, பிறகு பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற மெழுகு போன்ற பொருளை மெல்ல ஏற்றித் தண்ணீர் இருந்த இடத்தை நிரப்புவார்கள். இவ்வளவு பாடுபட்டுக் காத்ததைக் கூடிய வெளிச்சம் பழுதாக்கிவிடும், அதனால்தான் அந்த மங்கல். இரும்புப் பீரங்கிக்கு மின்பகுப்பு முறையில் உப்பை இழுக்கவேண்டும். தாடிக்கார முகம் பதித்த மண்நிறச் சாடியைக் கண்டால் அது ஜேர்மனியின் ரைன் பக்கத்துச் சுட்ட மண். ஐரோப்பியக் கப்பல்களில் சாதாரணமாகப் பயணித்த பாத்திரம்.

கட்டடத்தில் படிகள் உண்டு. முழங்கால் நோவுள்ள பெரியவர்களோடு போனால், சீட்டு எடுக்க முதலே எந்தப் பகுதி எந்தத் தளத்தில் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

வெளியே வந்த பின்

சாப்பாட்டுக்குக் கோட்டைக்குள் உள்ள உணவகங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. பஸ் நிலையப் பக்கம் போனால் சோறு கறி பாதிக்கும் குறைவாக முடியும். கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் தமிழ் பேசுவார்கள். வழி கேட்க, தண்ணீர் வாங்க ஆங்கிலம் தேவைப்படாது. நேரம் இருந்தால் மாத்தறையைத் தாண்டித் தெவிநுவரைக்குப் போகலாம், காலியிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்குள். கல்வெட்டில் வரும் தெனவரை அதுதான். போர்த்துக்கேயர் 1588இல் இடித்த பெருங்கோயில் நின்ற ஊரில் இன்று விஷ்ணு தேவாலயம் இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும்.

மதிலில் நின்று துறைமுகத்தைப் படம் எடுப்பவர்கள் கடற்படை முகாம் பக்கம் கமெராவைத் திருப்பாமல் இருப்பது நல்லது. ட்ரோனுக்கு அனுமதி வேண்டும். மதிலோரம் ஒருவர் கைக்குட்டையை விரித்து, நீங்கள் வாசலில் பார்த்த அதே முத்திரை பொறித்த செப்புக்காசுகளைக் காட்டுவார். பெரும்பாலும் போலி. உண்மையானதாக இருந்தால் சிக்கல் கூடும்: தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம், கட்டுநாயக்காவில் பெட்டியைக் கிண்டினால் விளக்கம் சொல்லவேண்டியது நீங்கள்தான். பவளத் துண்டுக்கும் அதே கதி. இங்கே தப்பினாலும் சிட்னியிலோ ரொறொன்ரோவிலோ சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.