ஆம்பளைங்க பிங்க் சட்டை போட ஆரம்பிக்கிறது எப்படி

பிடிச்ச பிங்க் சட்டைய பொண்ணுங்க கலர்னு கடையிலயே திருப்பி வெச்சுட்டு வர்றவங்களுக்காக எழுதுறேன். 1918-ல அமெரிக்காவுல ஒரு துணி வியாபாரப் பத்திரிகை பிங்க் பையனுக்கு, நீலம் பொண்ணுக்குன்னுதான் எழுதுச்சு, அப்புறம் அப்படியே மாறிப்போச்சு. மொதல்ல வெளிர் பிங்க் எடுங்க, நேவி ப்ளூ பேன்ட்டோட நல்லா சேரும். ட்ரையல் ரூம் லைட்ட நம்பாதீங்க, ஜன்னல் வெளிச்சத்துல தாடைக்குக் கீழ வெச்சுப் பாருங்க, மூஞ்சி சோர்வா தெரிஞ்சா வேற ஷேடு, பளிச்சுன்னு இருந்தா அதான் உங்களுது. ரொம்பக் கூச்சமா இருந்தா சாக்ஸ்ல ஆரம்பிங்க. "என்னடா பொண்ணு கலர்"னு யாராச்சும் கேட்டா விளக்கம் குடுக்காதீங்க, "எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டு வேலையப் பாருங்க, நாலு தடவ போட்டா கேக்குறத விட்டுருவாங்க. வீட்ல சின்னப் பையன் பிங்க் கேட்டா தயவுசெஞ்சு சிரிக்காதீங்க, வாங்கிக் குடுங்க.