ஹோர்ட்டன் சமவெளியில் புதர்க் கதிர்க்குருவியைக் காண்பது எப்படி?

கொழும்பிலிருந்து மூன்று முறை பயணம் செய்த பின்னரே இலங்கைப் புதர்க் கதிர்க்குருவியைக் கண்டேன். நம் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத இப்பறவையை, நீங்கள் முதல் பயணத்திலேயே காண வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில், வீட்டிலிருந்தே குரலைப் பழகிக்கொள்ளுங்கள். பறவை ஒலிப்பதிவுகளைத் தொகுத்துவைத்திருக்கும் செனோ-காண்டோ (xeno-canto) இணையதளத்தில் எலாஃப்ரோர்னிஸ் பாலிசெரி (Elaphrornis palliseri) என்ற இதன் அறிவியல் பெயரைத் தேடி, 'குவிட்ஸ்' எனச் சட்டென்று வெடித்து அடங்கும் அழைப்பொலியை ஒரு வாரமாவது கேளுங்கள்.

தொலைநோக்கியில் 8x42 அளவையே (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீற்றர் முன்வில்லை) பரிந்துரைப்பேன். 10x42 உருவத்தைப் பெரிதாகக் காட்டினாலும், இருண்ட புதருக்குள் ஒளி குறைந்துவிடும். இரண்டு மீற்றர் தூரத்திலும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

முந்தைய இரவு நுவரெலியாவில் தங்கி, பூங்காவின் வாயில் திறக்கும் வேளைக்குச் சென்றுவிடுங்கள். பொலித்தீன் பைகளை உள்ளே கொண்டுசெல்ல விடமாட்டார்கள் என்பதால், உணவைத் துணிப்பையில் வையுங்கள்.

நான் இரண்டு முறை தவறியது அடுத்த கட்டத்தில்தான். மர உச்சியிலிருந்து வந்த ஈரசைக் குரலைக் கேட்டு, கழுத்து வலிக்கும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அது குளிர்காலத்தில் வலசை வரும் பெரிய அலகு இலைக் கதிர்க்குருவியின் குரல் என்பது பின்னரே புரிந்தது. நாம் தேடும் பறவையோ, குறிஞ்சியின் இனமான நெலுச் செடிகளும் குறுமூங்கிலும் அடர்ந்த இடங்களில், நிலத்தை ஒட்டியே இரை தேடும். ஆகவே பார்வையை முழங்கால் உயரத்துக்கு மேலே போகவிடாதீர்கள். 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பை நோக்கி விரைபவர்களை முன்னே போகவிட்டு, காட்டோரப் பாதையில் அரை மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். 'குவிட்ஸ்' கேட்டதும் ஒலியை நோக்கி நடக்காமல், இலை அசையும் இடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் இணையாகத் திரிவதால், ஒன்று மறைந்தாலும் மற்றது வெளிப்படக்கூடும்.

கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவே வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டதென்று எண்ணி, அது இரை தேடுவதை விட்டுவிடும். வாழிடம் சுருங்கிவரும் ஓர் உயிருக்கு நாம் அந்தத் துன்பத்தைக் கொடுக்கலாகாது.

பிற்சேர்க்கை: இதைப் பின்பற்றிச் சென்ற நண்பர் ஒருவருக்கு, வான் வண்டியிலிருந்து இறங்கியதும் தொலைநோக்கியின் வில்லைகளில் ஈரம் படர்ந்து எதுவும் தெரியாமல் போயிற்று. மலைப்பாதையின் கடைசிப் பகுதியில் வண்டியின் யன்னல் கண்ணாடியைத் திறந்துவைத்து, தொலைநோக்கியை வெளிக்குளிருக்குப் பழக்குங்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எப்படி என்றும் அவர் கேட்டார்: ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெளிறிய மஞ்சட்பழுப்பு.