பென்சில் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்: வீட்டுப்பாடத்துக்கு உதவும் முறை

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையிலும் முதலமடையிலும் கோவிந்தாபுரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், விளக்கு வைத்த பிறகு பிள்ளை புத்தகப் பையைத் திறந்ததுமே பெற்றோருக்கு ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. சொல்லிக் கொடுத்தால் பிள்ளை நம்மையே எதிர்பார்த்துப் பழகிவிடுமோ, கொடுக்காவிட்டால் வகுப்பில் பின்தங்கிவிடுமோ என்பதே அந்தத் தயக்கம். பொள்ளாச்சியிலிருந்து திருமணமாகி இங்கே வந்து, பேருந்துப் பலகைகளைப் பார்த்து மலையாள எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, இரண்டு பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தோடு பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்தவள் நான். உதவலாம், உதவவும் வேண்டும், ஆனால் பென்சில் கைமாறக் கூடாது என்பதே நான் கண்டது.

முதலில் எவ்வளவு வீட்டுப்பாடம் வருகிறது என்று பாருங்கள். ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் 2020இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வாரத்துக்கு 2 மணி நேரமும், 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரமும், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரமும் போதும் என்று அது வரையறுக்கிறது. வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட வராது. அந்தப் பிள்ளை இரவு ஒன்பது மணி வரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தால், பக்கத்தில் அமர்ந்து விரைவுபடுத்துவது உதவியாகாது. பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் பேசுவதே உதவி.

நேரமும் இடமும் எளிய செய்தி. விளையாடி முடித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு, நாள்தோறும் ஒரே நேரத்தில், தொலைக்காட்சி அணைந்திருக்கும் ஓர் இடம் போதும். தனி மேசை இல்லாவிட்டால் திண்ணையும் பாயும் போதும். நீங்கள் அருகில் இருங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை.

பிள்ளை தவறு செய்யும் அந்த நொடியில் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். என் மகள் மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதினாள். ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால், அவளாகவே 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டாள். தப்பு என்று சொல்லி ரப்பரை எடுத்திருந்தால், விடை மாறியிருக்கும். அவள் எண்ணம் மாறியிருக்காது. "முப்பத்தஞ்சோட இருபத்தேழக் கூட்டிப் பாரு கண்ணு" என்றேன். 62 வந்தது. அவளே நிமிர்ந்து, "அம்மா, எங்கயோ தப்பு" என்றாள். பிறகு தென்னை ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ஐந்து கட்டுகள் கட்டி, இரண்டு குச்சிகளைத் தனியாக வைத்து, இதிலிருந்து இருபத்தேழு எடுத்துத் தரச் சொன்னேன். இரண்டு கட்டுகளை உடனே நீட்டிவிட்டாள். ஏழு உதிரிக் குச்சிகளுக்கு வழியில்லாமல் சற்று நேரம் விழித்தவள், நான் வாய் திறப்பதற்குள் இன்னொரு கட்டின் நூலை அவிழ்த்தாள். கடன் வாங்கிக் கழித்தல் என்பதை அன்று அவள் விரல்களே கற்றன. ஒரே கணக்குக்கு இருபது நிமிடம் ஆயிற்று, மீதிக் கணக்குகளை அவள் தனியே போட்டாள். எனவே விடையைச் சொல்லாமல், விடையைச் சோதிக்கும் வழியை மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பொறுத்திருங்கள். பொறுத்திருப்பதுதான் பெற்றோருக்குக் கடினமான பகுதி என்பதை நான் அறிவேன்.

எல்லையில் வாழும் நமக்கு மொழியால் வரும் சிக்கல் ஒன்று கூடுதலாக உண்டு. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது நம் ஊர்கள் அடங்கிய சித்தூர் வட்டம் கேரளத்தில் அமைந்தது. இங்கே தமிழ்வழியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதவும் வழியுண்டு என்றாலும், பல வீடுகளில் பிள்ளைகள் மலையாள வழியில்தான் படிக்கிறார்கள். ஒருமுறை என் மகள், "எனிக்கு ஒரு அவசரம் கிட்டி" என்று மலையாளத்தில் எழுதியிருந்தாள். அவசரம் எப்படிக் கிடைக்கும் என்று நினைத்து, அந்த வாக்கியத்தை அடித்து வேறொன்றை எழுதவைத்தேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அவள் எழுதியது முழுக்கச் சரி. மறுநாள் வகுப்பில், நான் எழுதவைத்த வாக்கியத்துக்காக அவள் திருத்தப்பட்டாள், அதன் பிறகு ஒரு மாதம் வரை அந்த நோட்டை என்னிடம் காட்டவில்லை. அந்த ஒரு மாதம் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. வெள்ளம் அங்கே தண்ணீர், சம்சாரம் அங்கே பேச்சு. ஒத்த சொற்கள் மிகுந்திருப்பதாலேயே நாம் துணிந்து திருத்திவிடுகிறோம். திருத்துமுன், "இந்தச் சொல்லுக்கு டீச்சர் என்ன அர்த்தம் சொன்னாங்க?" என்று கேளுங்கள்.

கேட்டெழுத்துப் பயிற்சியிலும் இதே கவனம் தேவை. தமிழில் ஒரே ககரம் இருக்குமிடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. நம் நாக்கில் அவை நான்கும் ஒன்றாகவே ஒலித்தால், பிள்ளை எந்த எழுத்தை எழுதும்? ஆகவே நீங்கள் படித்துக் காட்டாமல், பிள்ளையே சொல்லை உரக்கப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதி, பின் திறந்து தானே ஒப்பிடட்டும். கணக்கில் இந்த அச்சம் வேண்டாம். குணனம் என்றால் பெருக்கல், ஹரணம் என்றால் வகுத்தல். கருத்தைத் தமிழில் பேசிப் புரியவைத்துவிட்டால், பள்ளிச் சொல்லால் எழுதுவது பிள்ளைக்கு எளிது.

தொழிலுறப்பு எனும் ஊரக வேலையுறுதித் திட்ட வேலைக்கும் தென்னந்தோப்புக்கும் போய்த் திரும்பும் தாய்மார் பலர், தமக்குப் படிப்பில்லை என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு: பிள்ளையை ஆசிரியராக்குங்கள். "இன்னைக்கு என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லிக் குடு" என்று கேட்டுவிட்டு, புரியாத இடத்தில் புரியவில்லை என்றே சொல்லுங்கள். அந்த இடத்தை விளக்க முயலும்போதுதான் பிள்ளைக்குத் தன் படிப்பில் உள்ள ஓட்டை தெரியும். இதற்கு எழுத்தறிவு தேவையில்லை. பத்து நிமிடமும் கேட்கும் மனமும் போதும்.

செய்முறை மாதிரிகளைக் கடையில் வாங்கிக் கொடுப்பதும், இரவில் தந்தை அமர்ந்து வண்ணத்தாள் ஒட்டுவதும், வினாவைக் கைப்பேசியில் படமெடுத்து விடையைப் பார்த்து எழுதவைப்பதும் உதவி அல்ல. கோணலாக ஒட்டியிருந்தாலும் அது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

பதினைந்து நிமிடம் முயன்றும் விளங்காத கணக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். வெறும் பக்கமாக விடாமல், எதுவரை புரிந்தது என்பதைப் பிள்ளையே எழுதி, தடுக்கிய வரியில் ஒரு வட்டமிடட்டும். ஆசிரியருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வட்டம் புரியும். நாம் திருத்தி அனுப்பிய பக்கத்தில் அவருக்குத் தெரியவேண்டியது மறைந்துபோகிறது. வகுப்பில் பத்துப் பேருடைய நோட்டில் ஒரே வரியில் வட்டம் இருந்தால், அந்தப் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்று அவர் அறிந்துகொள்வார்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் அமர்வதைக் குறைத்து, தொடங்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் மட்டும் பாருங்கள். ஏழாம் வகுப்பில், கேட்டால் மட்டும் போங்கள். என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கேட்பது அரிது, கேட்கும் நாளில் நோட்டை அவளே கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, வட்டமிட்ட வரியைக் காட்டுகிறாள்.