வழியில் தங்கும் ஊரில் நிறம் தேட

குடும்பத்தோடு போகும் வழியில் ஒரு நகரத்தில் அரை நாள் தங்க நேர்ந்தால், புதுப்புது நிறச் சேர்க்கைகளைச் சேகரிக்க ஆளுக்கொரு நிறத்தைப் பிரித்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள், பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். நான் தேடுவது பழைய கதவுகளைத்தான்: நீலப் பெயின்ட் உரிந்த இடத்தில் பச்சை, அதற்கும் அடியில் காவி என்று மூன்று நிறமும் விரல் அகலத்துக்குள் சேர்ந்திருக்கும், அப்படி ஒரு சேர்க்கை நமக்கு யோசித்தால்கூட வராது.

போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் கட்டாயம் பிடியுங்கள். நிழலில் வெளிச்சம் நீலமாக இருக்கும், மாலை வெயிலில் மஞ்சளாகும், போன் வேறு தானாகத் திருத்திவிடும். தாள் இருந்தால் பிறகு அதை வைத்து நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அப்புறம், அந்தச் சேர்க்கையில் எந்த நிறம் எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.