வெளிநாடு கிளம்பும் மதுரைக்காரர்களுக்கு: நம்ம இங்கிலீஷை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது எப்படி?

முதல் தடவை வெளிநாடு போறவங்க பெரும்பாலும் கிராமர் புத்தகத்தைத்தான் தூக்கிக்கிட்டு உட்காருறாங்க. அதைவிட அவசரம் வார்த்தைகள். தெரியாத வார்த்தைன்னா என்னன்னு கேட்டுக்குவோம். தெரிஞ்ச வார்த்தை வேற அர்த்தத்துல வந்தா கேட்கவே தோணாது, அங்கதான் மாட்டிக்குவோம்.

படி 1: ஒரு நாள் முழுக்க உங்க வாயில வர்ற இங்கிலீஷ் வார்த்தைகளை நோட்டுல எழுதுங்க. பார்சல், கவர், டிக்கி, ஸ்டெப்னி, பெட்ரோல் பங்க், எதையும் விடாதீங்க. இதுல ஸ்டெப்னி கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேல்ஸ்ல லனெல்லிங்கிற ஊர், அங்க ஸ்டெப்னி தெரு. 1904 வாக்கில் அங்க செஞ்ச உதிரிச் சக்கரத்தோட பேர் நம்ம மெக்கானிக் ஷெட்டுல இன்னும் புழங்குது. பிரிட்டன்லயே இப்போ ஸ்பேர் வீல்னுதான் சொல்லணும்.

படி 2: போற நாட்டு வார்த்தையைப் பக்கத்துல எழுதுங்க. டவுன்ஹால் ரோட்டுல "ரெண்டு பரோட்டா பார்சல்" போதும். லண்டன்ல பார்சல்னா தபால்ல வர்ற பெட்டி; டேக்அவேன்னு கேளுங்க. அமெரிக்காவுல "டு கோ". டிக்கி லண்டன்ல பூட், அமெரிக்காவுல டிரங்க். கவர் ரெண்டு இடத்துலயும் பேக்.

படி 3: ஒரே வார்த்தை, வேற பொருள்னு இருக்கிறதைச் சிவப்பு மையில வட்டம் போடுங்க. நேரம் குறைவுன்னா இதை மட்டுமாவது செய்ங்க. பிரிட்டன்ல பேன்ட்ஸ்னா உள்ளாடை. துணிக்கடையில ட்ரவுசர்ஸ்னு கேட்கணும். அங்க சிப்ஸ் கேட்டா தடிமனா நறுக்கிப் பொரிச்ச உருளைக்கிழங்கு சூடா வரும். பாக்கெட் சிப்ஸுக்குப் பேர் கிரிஸ்ப்ஸ். ஆஸ்திரேலியாவுல தாங்ஸ்னா (thongs) ரப்பர் செருப்பு. தென்னாப்பிரிக்காவுல "ரோபோட் கிட்ட திரும்புங்க"ன்னா சிக்னல் கிட்ட. அங்க "ஜஸ்ட் நவ்"னு சொன்னா உடனே வருவாங்கன்னு காத்திருக்காதீங்க, கொஞ்ச நேரம் கழிச்சுன்னு அர்த்தம்.

படி 4: எண்கள். அமெரிக்காவுல தரைத்தளமே பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். நம்ம முதல் மாடி அவங்களுக்கு செகண்ட். அவங்க 05/06ன்னு எழுதினா மே 6. லண்டன்ல "ஹாஃப் ஃபைவ்"னா ஐந்தரை. லட்சத்தை ஹண்ட்ரட் தவுசண்ட்னு சொல்லுங்க.

படி 5: வீட்டுல யாரையாவது கடைக்காரரா உட்கார வச்சு, நோட்டைப் பார்க்காம கேட்டுப் பழகுங்க. நேரம், தேதி, மாடி மூணையும் திருப்பிச் சொல்லி உறுதி பண்ற பழக்கமும் அதுலயே வந்துடும்: "ஃபைவ் தர்ட்டி, ரைட்?"